தீமியோஸின் போனில் ஹாம்பர்க் மழை

கெரசியா மலைக்கிராமத்தில் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் அதில் தியமாந்தோவின் கை பட்டிருக்கும். மாதா கோயிலுக்கு முன்னால், பெரிய மரத்தடியில் இருக்கிற மஞ்சள் பெட்டிக்கடை அவளுடையது. சிகரெட், ஐஸ்கிரீம், பேப்பர், சார்ஜர், போன் உறை எல்லாம் கிடைக்கும். ஆனால் வாங்கினோம் வந்தோம் என்று போய்விட முடியாது. "குடு இங்க" என்று போனைப் பிடுங்குவாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவாள், "ஏன்யா இது இப்படி மொட்டையா கெடக்கு? எழவு வீட்டுச் சுவரு மாதிரி!" என்று வைவாள். அப்புறம் ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, அவருக்கென்று ஓர் அசையும் படத்தைத் தேடிப் போட்டுத்தான் ஆளை விடுவாள்.

அதில் அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. வால்பேப்பரை ஆளின் குணம் பார்த்துப் போட வேண்டும், வானிலை ஆப்பை ஆளின் வேலை பார்த்துப் போட வேண்டும். பாதிரியாருக்கு எரிகிற மெழுகுவர்த்தி போட்டுக் கொடுத்தாள். சுடர் நிஜமாகவே ஆடும். மனுஷன் ஒரு தடவை அதை வாயால் ஊதி அணைக்கப் பார்த்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. முன்கோபக்காரி லம்பிரினிக்கு மீன் தொட்டி. பொன்மீன் நீந்துவதைப் பார்த்தால் ரத்தக் கொதிப்பு இறங்கும் என்று கணக்குப் போட்டாள். கொதிப்பு இறங்கியதோ இல்லையோ, லம்பிரினியின் பூனை மீனைப் பிடிக்கிறேன் என்று போன் கண்ணாடியைப் பிராண்டி வைத்தது. அந்தத் திட்டும் தியமாந்தோவுக்குத்தான் கிடைத்தது.

ஆப் விஷயத்தில் இன்னும் கறார். ஆடு மேய்க்கிறவருக்கு இடி வருமுன் கத்துகிற ஆப். கடலுக்குப் போகிறவனுக்குக் காற்றை அம்புக்குறியாகக் காட்டுவது. ரொட்டி சுடுகிறவருக்கு ஈரப்பதம், மாவு எப்போது பொங்கும் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டுமே. "மழைக்கு நாப்பது சதவீதம் வாய்ப்புன்னா என்ன அர்த்தம், நாப்பது பேரு மட்டும் நனைவானுங்களா?" என்று கேட்ட கிழவருக்கு, குடை அல்லது சூரியன் இரண்டில் ஒன்றை மட்டும் காட்டுகிற ஆப்பைப் போட்டுக் கொடுத்து, "இதுக்கு மேல உனக்கு எதுக்கு?" என்று அனுப்பினாள். பழைய போனோடு வந்து கடல் அலை வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை மட்டும் திருப்பி விடுவாள். "இந்தப் பேட்டரிக்கு அலை ஒரு கேடா? மதியத்துக்குள்ள மூச்ச விட்டுடும். இந்தா, ஒரே ஒரு இலை விழுற படம், வச்சுக்க."

இத்தனை தவிப்பும் எதற்கு என்றால், எல்லாம் திராட்சைக்குத்தான். கெரசியாவைச் சுற்றி இருப்பதெல்லாம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் திராட்சை. ஆகஸ்டில் பறித்துக் களத்தில் பரப்பி, வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு வருஷத்து உழைப்பு வெட்டவெளியில் மல்லாந்து கிடக்கும். மொட்டைமாடியில் வற்றல் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நனைந்தால் பூசணம் பிடிக்கும். மழைக்குப் பயந்து படுதா போட்டு மூடி, மழை வராமல் வெயில் காய்ந்தாலோ உள்ளே வெந்து, வியர்த்து, புளித்துப் போகும். மூடினாலும் வம்பு, மூடாவிட்டாலும் வம்பு. அதனால் அந்த மாதம் காப்பிக்கடையில் கட்சிச் சண்டை கிடையாது, ஆப் சண்டைதான். அவனவனுக்கு எது இனிப்பாகச் சொல்கிறதோ அந்த ஆப்தான் அவனவனுக்கு உத்தமம்.

போன வருஷம் தியமாந்தோவே சறுக்கினாள். கீழே கடற்கரைப் பட்டணமான எய்யோவுக்குப் போய்ப் புதுப் போன் வாங்கினாள். கடையில் நின்றபடியே ஆசை ஆசையாக வானிலை ஆப்பை ஏற்றினாள். 'நீ இருக்கும் இடம் இதுதானா' என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டாள். அதோடு அந்தப் போன் எய்யோவையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கெரசியாவோ மலைத் தோளில், கடலிலிருந்து எவ்வளவோ உயரத்தில் இருக்கிற ஊர். கீழே வெயில் பல்லைக் காட்டும் நேரத்தில் மேலே கொட்டித் தீர்க்கும். "வெயில்தான், தைரியமா தெறந்து போடு" என்று அவள் சொல்ல, புருஷன் தீமியோஸ் படுதாவைச் சுருட்டி ஓரமாக வைக்க, அன்று பிற்பகல் மலைக்குப் பின்னாலிருந்து வந்த மழை களத்தைக் குளமாக்கிவிட்டுப் போனது. எய்யோவில் அன்று ஒரு சொட்டு இல்லை. ஆப் பொய் சொல்லவில்லை, வேறு ஊர்க் கதையைச் சொன்னது. அது அவளுக்குப் புரிந்தபோது திராட்சை ஆட்டுக்குத் தீவனமாகியிருந்தது.

அன்றைக்குத் தீமியோஸ் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காப்பிக்கடையில்தான் திறந்தார்.

"என் பொண்டாட்டி போன்ல வெயிலு, என் களத்துல கஞ்சி!"

கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு சதுக்கத்தைத் தாண்டிப் பெட்டிக்கடைக்குள் கேட்டது. அவள் மானம் கப்பலேறியது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் வானம் கொஞ்சம் வெளுத்தால் போதும், போகிற வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, "இது நெச வெயிலா, இல்ல தியமாந்தோ வெயிலா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அவள் போட்டுக் கொடுத்த படத்தைத்தான் போனில் வைத்திருந்தார்கள், நன்றி கெட்ட ஜனங்கள்.

அன்று ராத்திரி வீட்டில் நடந்த சண்டை அதைவிடப் பெரிது.

"இன்னொரு வருஷம் நனைஞ்சுதுன்னா அவ்வளவுதான். கொடிய வேரோட புடுங்கிட்டு எடத்த சோலார் தகடு போடுறவனுக்குக் குடுத்துடுறேன். தகட்டுக்கு மழைன்னா என்ன, வெயிலுன்னா என்ன!"

"யோவ், அது எங்கப்பா நட்ட கொடிய்யா. எனக்குச் சீதனமா குடுத்தது."

"அப்ப உங்கப்பன் களத்துக்கு ஒரு கூரையும் சீதனமா குடுத்திருக்கணும்."

"குடு! தாராளமா குடு! எங்க கையெழுத்துப் போடணும்? கொண்டா, நானே மொத ஆளா போடுறேன்!"

கோபத்தில் சொன்ன வார்த்தை. சொல்லி முடிப்பதற்குள்ளேயே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்தாள். ஆனால் அவர் அதைப் பிடித்துக்கொண்டார், அவளும் இறங்கி வரவில்லை. சோலார் கம்பெனிக்காரன் மாதா மாதம் போன் அடித்துக்கொண்டே இருந்தான். "மாதா திருவிழாவுக்கு மறுநாள் வா. அதுக்குள்ள காஞ்சிருக்கும், இல்ல கெட்டிருக்கும். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடும்" என்று தீமியோஸ் அவனுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து தியமாந்தோ வானிலையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். ஆப்பைத் தேடாமல் இருந்தாள் என்று அர்த்தமில்லை. குளிர்காலம் முழுக்கக் கடைக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள், ஒப்பிட்டாள், தூக்கி எறிந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று தேறியது. படம் அழகில்லை, வண்ணம் கண்ணைக் கரித்தது. ஆனால் அதில் வரைபடத்தைப் பெரிதாக்கி, தன் களத்தின் மேலேயே விரலை வைத்து, இங்கேதான் என்று குத்தி வைக்க முடிந்தது. மழை மேகம் நகர்வதை நீலத் திட்டாகக் காட்டும். வசந்த காலத்தில் அது சொன்னபடியெல்லாம் கெரசியாவில் நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்தாதிஸிடம் மட்டும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

ஸ்தாதிஸ் பக்கத்துக் களத்துக்காரர், லம்பிரினியின் புருஷன். தியமாந்தோ, தீமியோஸ் கல்யாணத்தில் மணமக்கள் தலைக்கு மேல் மலர்க் கிரீடத்தை மாற்றிவிட்டவர் அவர்தான். அந்த உறவுக்கு அங்கே கும்பாரோ என்று பேர், பெண்ணென்றால் கும்பாரா, கூடப் பிறந்தவர்களுக்குச் சமம். வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். அதன் திரையில் டால்பின் துள்ளும், கூடவே வானிலையும் ஓடும். "கும்பாரே, உன்னுது எய்யோ வானத்தக் காட்டுது. ஊர மாத்திக்க" என்றாள். அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "கும்பாரா, இது சேட்டிலைட்டு. அதுக்குத் தெரியாத ஊரு உனக்குத் தெரியுமா?" அதோடு விட்டாள்.

தீமியோஸின் போன் கதை தனி. அவருடைய பழைய பட்டன் போன் கிறிஸ்துமஸ் சமயத்தில் சூப்புப் பானைக்குள் விழுந்து உயிரை விட்டது. ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிற மகள் வாசோ புதுப் போன் ஒன்று அனுப்பினாள். "உன் சூரியனும் வேணாம், உன் மழையும் வேணாம். ஆப்புன்னு எதையாவது ஏத்தின, தூக்கி அடுப்புல போட்டுடுவேன்" என்று சொல்லித்தான் அதை மனைவியிடம் நீட்டினார். சரி என்று ஒரு வால்பேப்பர் மட்டும் போட்டாள். ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தெரு விளக்கு, ஈரமான மரம். எந்த ஊரைச் சொல்கிறோமோ அந்த ஊரில் மழை பெய்தால் கண்ணாடியில் மழை வழியும், பனி பெய்தால் பனி விழும். தியமாந்தோ அதில் ஹாம்பர்க் என்று எழுதினாள்.

ஏன் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. மகள் கிளம்பினபோது, "போறேன்னா போ" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர் அவர். போனில் மகள் முகம் தெரிந்தால் கதவோரமாக நின்று, "நல்லாருக்காளாமா?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, ஆட்டைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிடுவார். அவர் சட்டைப் பையிலாவது பிள்ளை ஊர் மழை பெய்யட்டும் என்று நினைத்தாள் போல. அவர் படத்தைப் பார்த்தார். "ஜன்னலா? சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று பையில் போட்டுக்கொண்டார். அது எந்த ஊர் மழை என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் திராட்சை அமோகமாக வந்தது. களம் முழுக்கக் கருகருவென்று கிடந்தது. இன்னும் கொஞ்சம் வெயில் கிடைத்தால் போதும், அள்ளிவிடலாம். அதற்குள் மாதா திருவிழா வந்துவிட்டது.

திருவிழா அன்று காலையில், கோயில் மணி அடிக்குமுன், தியமாந்தோ அடுப்படியில் நின்று ஆப்பைத் திறந்தாள். மலைக்குப் பின்னால், தூரத்தில், ஒரு நீலத் திட்டு. பிற்பகலில் கெரசியாவின் மேல் வரும் என்று காட்டியது. மற்ற எல்லா ஆப்பையும் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் சூரியன் சிரித்தது. தன் ஆப்பை மறுபடி திறந்தாள், திட்டு அங்கேயேதான் இருந்தது.

"ஏன்யா... களத்த ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாமா?" என்று மெல்ல இழுத்தாள்.

தீமியோஸ் கழுத்துப் பட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். "மாதா அன்னைக்குக் களத்துல காலு வைக்கலாமா? என்ன பேச்சு பேசுற?"

அதுவும் உண்மைதான். அன்றைக்கு யாரும் எந்த வேலையிலும் கை வைக்க மாட்டார்கள். களத்தைத் தொட்டால் மாதாவுக்குக் கோபம் வரும் என்பது கெரசியாவின் நம்பிக்கை. மழை வரும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வராமல் போனால்? மூடின திராட்சை வெந்து புளித்தால்? 'போன வருஷம் தியமாந்தோ வெயிலு, இந்த வருஷம் தியமாந்தோ மழை' என்பார்கள். அப்புறம் அவளே அப்பா நட்ட கொடிக்குக் கொள்ளி வைத்ததாக ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ஊருக்கு மேலே, வாதுமை மரங்களுக்கு நடுவே மாதாவுக்கு இன்னொரு சின்னக் கோயில், திருவிழா அங்கேதான். பூசை முடிந்து, நீள நீளமாக மேஜை போட்டு, அண்டாவில் வெந்த ஆட்டுக்கறியைத் தட்டுத் தட்டாக வைத்துக்கொண்டிருந்தார்கள். கிளாரினெட்காரன் கன்னத்தை உப்பவைத்து ஊதிக்கொண்டிருந்தான். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஸ்தாதிஸ் அதே டால்பின் துள்ளுகிற தன் பெரிய போனை மேஜை மேல் நிறுத்தி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"பாத்துக்கங்க. ஒரு பொட்டு மேகம் கெடையாது. என்ன கும்பாரா, உன் வெயிலு என்ன சொல்லுது இன்னைக்கி?"

"அவ வெயிலு போன வருஷக் காலண்டரோட போச்சு" என்றாள் லம்பிரினி. மேஜையில் சிரிப்பு பொங்கியது.

தியமாந்தோவும் சிரித்து வைத்தாள். போனை மேஜைக்கு அடியில், மடியில் வைத்துக்கொண்டாள். நீலத் திட்டு மலையை நெருங்கியிருந்தது. தட்டில் கறி ஆவி பறந்தது. நல்ல விலா எலும்பு, அவளுக்கென்றே பார்த்து எடுத்து வைத்தது. அவள் தொடவில்லை. மறுபடி மடியைப் பார்த்தாள். திட்டு மலை உச்சிக்கு வந்துவிட்டது. எதிரே தீமியோஸ் ஒயினை ஊற்றிக்கொண்டு யாரோடோ நாய் வளர்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்து நிற்கக்கூடப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கடவுளே, இந்த ஊர் வாய்க்கு இப்படிப் பயந்து சாகிறோமே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் தீமியோஸ் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், பார்த்தார், பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"மழை!" என்று கத்தினார். "மழை வருதுய்யா! என் பொண்டாட்டி போட்டுக் குடுத்த மெஷினு சொல்லுது! இங்க பாருங்க!"

கையை உயர்த்திப் போனைச் சுற்றிக் காட்டினார். திரையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க மழை வழிந்தது. பளிச்சென்று ஒரு மின்னல் வேறு. கிளாரினெட் ஒரு கீச்சோடு நின்றது.

எல்லோரும் போனைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம் யாரோ, "தீமியோஸே போன நம்புறான்னா பாத்துக்கங்கடா!" என்றார். போனை அடுப்பில் போடுவேன் என்று சொல்லித் திரிந்தவர் என்பது ஊருக்கே தெரியும். பெஞ்சுகள் சாய்ந்தன. சிலர் பாதிரியாரைப் பார்த்தார்கள். வாயில் கறியோடு இருந்த மனுஷன் முழுங்கிவிட்டு, "என்ன பாக்குறீங்க? மாதா தப்பா எடுத்துக்க மாட்டா, ஓடுங்க!" என்று கையை ஆட்டினார். ஊர் முழுக்கச் சரிவில் இறங்கி ஓடியது. எல்லோருக்கும் முன்னால், முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாத தீமியோஸ் ஓடினார்.

தியமாந்தோ துள்ளி எழுந்தாள். ஐயோ, அது ஹாம்பர்க் மழை!

"யோவ், நில்லுய்யா! அது வந்து... அது நம்ம மழை இல்ல..."

யார் காதில் விழப்போகிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் ஓடினாள். தன் ஆப் மழை என்றது உண்மை. ஆனால் போன வருஷமும்தானே நம்பினாள்? அந்தத் திட்டு மலையிலேயே கரைந்துபோனால் இன்றைக்கு ஊர் மொத்தத் திராட்சையும் படுதாவுக்குள் வெந்து போகும், அதுவும் ஒரு வால்பேப்பரைப் பார்த்து. ஒரு வீட்டுத் திராட்சை நனைந்ததற்கே ஒரு வருஷம் சிரித்த ஊர். இதற்கு என்ன செய்யும்?

களத்துக்கு வந்தபோது தீமியோஸ் படுதாவின் ஒரு முனையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த முனையப் புடி."

"தீமியோ, நான் சொல்றதக் கேளு. உன் போன்ல தெரியறது..."

"முனையப் புடின்னேன்!"

பிடித்தாள். இழுத்து மூடினார்கள், ஓரங்களில் கல் வைத்தார்கள். வெயில் முதுகைச் சுட்டது. படுதாவுக்கு மேல் அனல் அலையாக எழும்பியது. சுற்றிலும் எல்லாக் களமும் மூடியாகிவிட்டது. பக்கத்துக் களம் மட்டும் திறந்தே கிடந்தது. அதன் வரப்பில் ஸ்தாதிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன கும்பாரே, ஒடம்பு நல்லாத்தான இருக்கு? மாதா திருவிழா அன்னைக்கு வெயிலுக்குக் கம்பளி போத்துறீங்களே!"

ஒருவர் இருவர் சிரித்தார்கள். சிலர் வானத்தைப் பார்த்துவிட்டுத் தீமியோஸைப் பார்த்தார்கள். யாரோ படுதா முனையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு, "வேகுதுய்யா" என்றார். தியமாந்தோவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம், போகிற மானம் போகட்டும், ஊர்த் திராட்சையாவது பிழைக்கட்டும் என்று வாயைத் திறந்தாள்.

அப்போது காற்று திரும்பியது.

கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்று, மலைப் பக்கமிருந்து குளிர்ச்சியாக, மண் வாசனையோடு வீசியது. எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். மலைக்கு மேல் ஒரு மேகம் கருஞ்சட்டியைக் கவிழ்த்ததுபோல வந்து நின்றது. படுதாவின் மேல் டப்பென்று ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"ஸ்தாதீ!" என்று லம்பிரினி போட்ட கூச்சலில் எய்யோவே அதிர்ந்திருக்கும். "உன் டால்பின் தலைல இடி விழ! படுதா எங்கய்யா?"

பாவம், ஸ்தாதிஸ் படுதாவை எடுக்க ஒரு பக்கமும், கல்லை எடுக்க ஒரு பக்கமுமாக ஓடினார். யாரும் அவரைக் கிண்டல் செய்ய நிற்கவில்லை. பாதிரியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் களத்தில் குதித்தார், கிளாரினெட்காரன் வாத்தியத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு குதித்தான், தியமாந்தோ வெறுங்காலோடு குதித்தாள். ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மூடி முடிக்கவும், வானம் பொத்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது. ஸ்தாதிஸின் களத்தில் ஓரம் மட்டும் கொஞ்சம் நனைந்தது, மற்றதெல்லாம் தப்பித்தது. நனைந்த ஜனங்கள் சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். லம்பிரினி வந்து தியமாந்தோவின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். "எங்கள வாழ வச்சடி! நாளைக்கி காலைல என் போனயும் பாரு, அந்த மீன எடுத்துட்டு தீமியோஸுக்குப் போட்ட ஜன்னல எனக்கும் போடு!"

கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் களத்துக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தம். படுதா மேல் விழுந்த தண்ணீர் வழிந்து ஓரத்துக் கால்வாயில் இறங்கி ஓடியது, ஒரு துளி உள்ளே போகவில்லை. தியமாந்தோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போன வருஷத்திலிருந்து மார்பின் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது. மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அவள் துடைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்க முடியாதே.

"தீமியோ, ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது. உன் போன்ல பெஞ்சது நம்ம ஊரு மழை இல்ல. ஹாம்பர்க்கு மழை. நாந்தான் அந்த ஊரப் போட்டு வச்சேன்."

"தெரியும்."

"என்னது?"

"ஏப்ரல் மாசம் கெரசியால பனி பெஞ்சுதா? நான் என்ன கண்ணவிஞ்சவனா?" அவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுதான் வச்சிருந்தியா?"

"புள்ள கொட எடுத்துட்டுப் போனாளா இல்லையான்னு பாக்க வேணாமா? அந்த ஊருல எப்பவும் ஊத்திக்கிட்டே இருக்கு."

தியமாந்தோ அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப இன்னைக்கி? அது இங்கத்த மழை இல்லன்னு தெரிஞ்சும் எதுக்குய்யா பெஞ்சு மேல ஏறிக் கத்துன? வராம போயிருந்தா?"

அவர் மழையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது போல.

"நீ கறியத் தொடல."

"என்ன?"

"வெலா எலும்பு. நாந்தான் அண்டாகிட்ட நின்னு உனக்குன்னு எடுத்து வச்சேன். கல்யாணம் ஆன நாளா நீ ஆட்டுக்கறிய ஆற விட்டு நான் பாத்ததில்ல. நீ மடியப் பாக்குற, மலையப் பாக்குற, மடியப் பாக்குற. அப்பவே தெரிஞ்சுபோச்சு, வருதுன்னு." துண்டைப் பிழிந்தார். "எம் பொண்டாட்டி மூஞ்சி சரியில்லன்னு சொன்னா எவனாவது பந்திய விட்டு எந்திரிப்பானா? அதான் போனக் காட்டினேன். போன வருஷம் கூட்டத்துல வச்சு சொன்னத, கூட்டத்துல வச்சுதான திருப்பி எடுக்கணும்."

சொல்லிவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அலுமினியத் தாளில் சுற்றிய விலா எலும்பு. அத்தனை அமளியில், ஊரே எழுந்து ஓடின நேரத்தில், மனுஷன் அதை மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

மழை எப்படி வந்ததோ அப்படியே நின்றது. மலைக்கு இந்தப் பக்கம் வெயில் கீறிக்கொண்டு வந்தது. அப்போது தீமியோஸின் போன் அடித்தது. சோலார்காரன். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டான்.

"வர வேணாம்பா" என்றார் தீமியோஸ். "நாளைக்கி எங்களுக்குத் தலைக்கு மேல வேல கெடக்கு. நாளைக்கி மட்டும் இல்ல, இனிமே வரவே வேணாம்."

போனை வைத்தார். ஜன்னல் கண்ணாடியில் இன்னும் மழை வழிந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு எப்படிப் போன் போடுறது, காட்டு. நனைஞ்சுகிட்டு நிக்கிறாளோ என்னவோ, கேக்கணும்" என்றார். தியமாந்தோ காட்டிக் கொடுத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. "வேலையா இருப்பா. அப்புறம் அவளே கூப்பிடுவா" என்றாள். "கூப்பிட்டா எங்கிட்டக் குடு" என்றார் அவர்.

தியமாந்தோ கவிழ்த்து வைத்த கூடையின் மேல் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். கறி ஆறிப்போய், கொழுப்பு உறைந்து, சட்டை வியர்வை வாசனையோடு இருந்தது. எடுத்துக் கடித்தாள். அத்தனை பசி இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எலும்பைத் திருப்பித் திருப்பிக் கடித்தாள்.

தீமியோஸ் கொட்டகை வாசலில் நின்று அவளையே பார்த்தார்.

"திங்கிறியா?"

"திங்கிறேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, வானத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், படுதாவைச் சுருட்டக் களத்தில் இறங்கினார்.